தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்



வேப்பூர்ப் பக்கம் நாங்கள் இளைஞர் கூட்டம் போட்டால் பேசுவதற்குச் சங்கதி குறைவதே இல்லை. சுடுகாட்டுப் பாதை, மனைப் பட்டா, கல்வி உதவித்தொகை, தேர்த் திருவிழாத் தகராறு, காவல் நிலையத்தில் வாங்காத புகார் என்று வரிசை நீளும். பிறந்து பத்து நாள் ஆன குழந்தையைப் பற்றி மட்டும் யாரும் எழுந்து பேசுவதில்லை. அது பொம்பளைங்க பேச்சு, ஆயாக்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது நம் பையன்களின் எண்ணம். அந்தப் பேச்சும் அரசியல்தான் என்று சொல்லவே இதை எழுதுகிறோம்.

பிறந்த நாளிலிருந்து 28 நாள் வரை உள்ள குழந்தையைத்தான் மருத்துவம் பச்சிளங்குழந்தை என்கிறது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க சுமார் 23 லட்சம் குழந்தைகள் இந்த 28 நாளைத் தாண்டவில்லை. ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் இந்த ஒரு மாதத்துக்குள்ளேயே போய்விடுகிறார்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி (2019-21) இந்தியாவில் 1000 குழந்தை பிறந்தால் சுமார் 25 குழந்தைகள் இந்தக் காலத்தில் இறக்கின்றன. தமிழ்நாட்டில் அது 13-க்குச் சற்றுக் கீழே. நம் மாநிலம் நன்றாகத்தான் செய்திருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் அதே ஆய்வு அனைத்திந்திய அளவில் பட்டியல் சாதிக் குழந்தைகளின் இறப்பு சராசரியைவிட அதிகம் என்றும் சொல்கிறது. சராசரிக்குக் கீழே யார், மேலே யார் என்று கேட்பதுதான் நம் வேலை.

வேப்பூர் கடலூர் மாவட்டத்தின் மேற்குக் கடைசி. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு அது ஒரு பேருந்து நிறுத்தம், வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை. எங்களுக்கு அது மானாவாரிக் காடு. மக்காச்சோளம் ஒடிப்பது, பருத்தி எடுப்பது, களை வெட்டுவது, நூறு நாள் வேலை. கிழக்கே விருத்தாசலம் போனால் பீங்கான் சூளைகளும் பொம்மைக் கம்பெனிகளும் இருக்கின்றன. அங்கும் நம் பெண்கள் கூலிக்குப் போகிறார்கள். எட்டாம் மாதம் வயிற்றோடு வெயிலில் குனிந்து நிற்கிற பெண்ணைப் பார்க்க நீங்கள் வெகுதூரம் போக வேண்டாம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தச்சோகை இருப்பதாக அதே ஆய்வு காட்டுகிறது. சோகை பிடித்த உடம்பும் ஓய்வில்லாத வயிறும் சேர்ந்தால் குழந்தை 37 வாரம் முடிவதற்குள் பிறக்கலாம், அல்லது இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறக்கலாம். பச்சிளங்குழந்தை இறப்புக்குக் காரணம் தேடினால் முதலில் நிற்பவை மூன்று: குறைமாதமும் எடைக்குறைவும், பிறந்தவுடன் மூச்சுத் திணறல், கிருமித் தொற்று. முதல் காரணத்தின் வேர் வயற்காட்டில் இருக்கிறது.

மூச்சுத் திணறல் பிரசவ அறையின் பொறுப்பு. குழந்தை அழாவிட்டால் முதல் ஒரு நிமிடத்துக்குள் பயிற்சி பெற்ற கை வேலை தொடங்க வேண்டும். தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கும் மேல் பிரசவம் மருத்துவமனையில் நடப்பதால் அங்கே ஓரளவு காப்பு உண்டு. வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்ணும் கையும் நம்முடையவை.

முதலில் குளிர். எடை குறைந்த குழந்தைக்குச் சூட்டைப் பிடித்து வைக்கக் கொழுப்பு போதாது. மார்கழியில் தகர ஷீட்டு வீட்டிலும், கூரை பெயர்ந்த தொகுப்பு வீட்டிலும் விடியற்காலைக் குளிர் நேராகக் குழந்தைமேல் இறங்கும். அப்போது பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். வயிறு சூடாக இருந்து பாதம் சில்லென்று இருந்தால் குழந்தை குளிரத் தொடங்கிவிட்டது. வயிறும் சில்லென்று இருந்தால் அது ஆபத்து. பிறந்த அன்றே தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது நம் வீடுகளில் வழக்கம். ஒரு நாளாவது பொறுத்துக் குளிப்பாட்டச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உடம்பில் ஒட்டியிருக்கும் வெள்ளை மாவு அழுக்கு இல்லை, தோலுக்குக் காப்பு.

குளிருக்கு மருந்து தாயின் நெஞ்சு. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978 வாக்கில் எட்கர் ரே என்ற மருத்துவர், இன்குபேட்டர் போதாமல் ஒரே பெட்டியில் பல குழந்தைகள் கிடந்த ஏழைகள் மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெற்று மார்போடு வைத்துக் கட்டச் சொன்னார். அதுதான் கங்காரு முறைப் பராமரிப்பு. 2021-இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் இந்திய மருத்துவமனையும் இருந்தது. எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்தவுடனேயே இப்படி வைத்தால், நிலைமை தேறிய பிறகு வைப்பதைவிட இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்று அந்த ஆய்வு கண்டது. இதற்குக் கரண்டும் வேண்டாம், காசும் வேண்டாம். தாய் அசந்துபோனால் அப்பாவும் செய்யலாம்.

அப்பா செய்வாரா என்றால், அங்கே ஒரு சொல் குறுக்கே வந்து நிற்கும்: தீட்டு. பிள்ளை பெற்ற வீடு தீட்டு, பச்ச உடம்புக்காரி ஓரமாக ஒரு பாயில் கிடக்க வேண்டும், ஆம்பளை தொடக் கூடாது. நம்மைத் தெருவுக்கு வெளியே நிறுத்திய அதே சொல்லை நம் வீட்டு மூலையில் பத்திரமாக வைத்திருக்கிறோம். ஊரிலே தீண்டாமை ஒழிக என்று கோஷம் போட்டு வந்து, வீட்டில் பெற்ற பிள்ளையைப் பதினாறு நாள் தொடாமல் நிற்பது எந்த ஊர் நியாயம்?

அடுத்தது மஞ்சள் காமாலை. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் லேசாக மஞ்சள் தட்டும். கல்லீரல் இன்னும் பழகாததால் பிலிருபின் என்ற நிறமி இரத்தத்தில் தேங்குகிறது. பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானே வடியும். ஆனால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் வந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினாலோ, குழந்தை பால் குடிக்காமல் தூங்கித் தூங்கி விழுந்தாலோ உடனே மருத்துவமனை. அளவு மீறினால் நிறமி மூளையில் படிந்துவிடும். பிழைத்தாலும் காது கேளாமை, கை கால் முறுக்கம் என்று ஆயுசுக்கும் தங்கிவிடும்.

மருந்து நீல ஒளி. இது கண்டுபிடிக்கப்பட்டதே ஒரு செவிலியரின் கவனத்தால்தான். இங்கிலாந்தில் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் சிஸ்டர் வார்டு என்பவர் குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலில் கொண்டுவந்து வைப்பார். 1956-இல் ஒரு குழந்தைக்கு வெயில் பட்ட இடம் வெளுத்தும் துணி மூடிய இடம் மஞ்சளாகவும் இருப்பதை மருத்துவர்களுக்குக் காட்டினார். 1958-இல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இன்றும் நம்மிடம் "காலை வெயில்ல காட்டுங்க" என்று சொல்லி அனுப்புகிறவர்கள் உண்டு. வெயிலின் அளவை யாரும் அளக்க முடியாது, குழந்தைக்குக் குளிரோ சூடோ பிடிக்கும், எல்லாவற்றையும்விட நாள் கடந்துவிடும். மஞ்சள் அதிகமானால் தேவை இரத்தப் பரிசோதனையும் ஒளிச் சிகிச்சையும்.

மஞ்சளை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் நம் நிறம் கணக்கில் வருகிறது. மாநிறக் குழந்தையையும் கருத்த குழந்தையையும் எட்ட நின்று பார்த்தால் மஞ்சள் தெரியாது. விரலால் நெற்றியையும் நெஞ்சையும் லேசாக அழுத்தி எடுத்து, அந்த இடம் மஞ்சளாகத் தெரிகிறதா என்று பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கண் வெள்ளை, ஈறு, உள்ளங்கை, உள்ளங்கால் பார்க்க வேண்டும். மூச்சு போதாமல் நீலம் பாய்ந்தாலும் உதட்டையும் நாக்கையும்தான் பார்க்க வேண்டும். பிறந்த குழந்தையின் நலத்துக்கு மதிப்பெண் போடும் ஆப்கார் முறையை 1953-இல் வெளியிட்டபோது அதன் ஐந்து குறிகளில் ஒன்று நிறம். உடம்பு முழுக்க ரோஜா நிறமாக இருந்தால் முழு மதிப்பெண். எந்தத் தோலை நினைத்து அது எழுதப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தின் இனம் மற்றும் நலவாழ்வுக்கான ஆய்வகம் 2023-இல் இதைத்தான் கேள்வி கேட்டது: கறுப்பின, ஆசியக் குழந்தைகளிடம் மஞ்சளும் நீலமும் கண்ணில் படாமல் போகிறதே என்று.

எங்கள் தெருவிலேயே நடந்தது. மூன்றாம் நாள் குழந்தையைக் காட்டியபோது மருத்துவமனையில் கட்டில் கால்மாட்டில் நின்றபடியே "எல்லாக் குழந்தைக்கும் வர்றதுதாம்மா, ஒண்ணுமில்ல, கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். துணியை விலக்கவில்லை, விரல் வைக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை பக்கத்து வீட்டு ஆயா பாலாடையில் பால் புகட்ட மடியில் போட்டவர், உள்ளங்காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு "யம்மா, காலெல்லாம் மஞ்ச பூசுனாப்புல இருக்கு, புள்ள வாயே தெறக்கல" என்று கத்தினார். 108-ஐ அழைத்தோம். நாங்கள் நான்கு பேர் கூடவே போனோம். வேறு மருத்துவமனையில் நீல விளக்கின் கீழே மூன்று நாள் கிடந்து அந்தப் பெண் குழந்தை பிழைத்தாள். அந்த ஆயா பள்ளிக்கூடம் போனதில்லை. தொட்டுப் பார்த்தார், அவ்வளவுதான்.

தொடாத வைத்தியத்துக்கு நம்மிடம் பழைய சாட்சியம் இருக்கிறது. அம்பேத்கர் தன் 'வெயிட்டிங் ஃபார் எ விசா' குறிப்புகளில் ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டுகிறார். 1929 டிசம்பர் 12 தேதியிட்ட 'யங் இந்தியா'வில் வந்தது அது. எழுதியவர் கத்தியவாரைச் சேர்ந்த தீண்டப்படாத சமூகத்துப் பள்ளி ஆசிரியர். மனைவிக்குப் பிரசவமாகி இரண்டு நாளில் உடம்புக்கு முடியாமல் போகிறது. மருத்துவர் சேரிக்குள் வர மறுக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் தலையிட்டு, இரண்டு ரூபாய் கட்டணமும் பேசிய பிறகு, சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்ப்பதாக ஒப்புக்கொள்கிறார். இரண்டு நாள் பிள்ளை பெற்றவளை வெளியே தூக்கி வருகிறார்கள். தெர்மாமீட்டரை மருத்துவர் ஒரு முஸ்லிமிடம் தருகிறார், அவர் கணவரிடம், கணவர் மனைவியிடம். அதே வழியாகத் திரும்புகிறது. நிமோனியா என்று சொல்லி மருத்துவர் போய்விடுகிறார். பிறகு வரவும் மறுக்கிறார். அந்தத் தாய் இறந்துபோகிறார்.

அந்த மருத்துவரிடம் படிப்பு இருந்தது, கருவி இருந்தது, மருந்து இருந்தது. கை மட்டும் வரவில்லை. பச்சிளங்குழந்தை வைத்தியத்தை எண்ணிப் பாருங்கள்: சூடு பார்ப்பது, மஞ்சள் பார்ப்பது, நெஞ்சு குழிகிறதா என்று பார்ப்பது, தொப்புள் பார்ப்பது, மார்பில் பிள்ளையைச் சரியாக வைத்துப் பழக்குவது. ஒவ்வொன்றும் தொடுவதுதான். வாய் திறந்து சொல்லத் தெரியாத உயிரின் நோயை வேறு எப்படி அறிவது? அதனால்தான் தீண்டாமையின் மிச்சம் எங்கே இருந்தாலும் அது முதலில் இந்தக் குழந்தையைத்தான் தாக்கும். 'சாதி பார்த்துத் தொடவில்லை' என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கூட்டம், நேரமில்லை என்பார்கள். சங்கமித்ரா ஆச்சார்யா குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளிடம் நேரில் கேட்டபோது, பரிசோதிக்கும்போதும் மருந்து கொடுக்கும்போதும் தொடாமல் விடுவது பரவலாக வெளிப்பட்டது.

வேடிக்கை என்னவென்றால், பிரசவ இரத்தமும் தொப்புள்கொடியும் தீட்டு என்று சொல்லி, அந்த வேலையை வட இந்தியாவில் தலித் பெண்களிடமும் தமிழகத்தில் மருத்துவர் சமூகப் பெண்களிடமும் தள்ளியது சாதி. ஊரில் பிறந்த எத்தனையோ குழந்தைகளை முதலில் ஏந்திய கை, பிறகு அந்த வீட்டுத் திண்ணையைத் தொட முடியாத கை.

இனி நம் வீட்டுப் பழக்கம். சீம்பாலைப் பீச்சி ஊற்றுவது, தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாக்கில் தொட்டுச் சேனை வைப்பது, தொப்புளில் சாம்பலோ பவுடரோ போடுவது, தொக்கம் எடுக்கிறேன் என்று தொண்டையை ஊதுவது, மாந்தமும் செவ்வாப்பும் வராமலிருக்கத் தெருவில் வரும் கழுதைப் பாலைச் சங்கில் வாங்கி ஊற்றுவது. ஆயாக்களைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. டாக்டர் எட்டாத காலத்தில் பிள்ளையைக் காக்க அவர்கள் கைக்குக் கிடைத்ததைச் செய்தார்கள். இன்று நமக்குத் தெரிந்ததை அவர்களிடம் பணிவாகச் சொல்ல வேண்டும். சீம்பால்தான் குழந்தைக்கு முதல் தடுப்பு மருந்து. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் தண்ணீர்கூட வேண்டாம். காய்ச்சாத எந்தப் பாலும் கிருமியைக் கொண்டுவரும். தேனில் பச்சைக் குழந்தையின் நரம்பை முடக்கும் நச்சுக் கிருமி இருக்கலாம். தொப்புளை எதுவும் போடாமல் காய விட வேண்டும்.

கீழே உள்ளதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்:

– பால் குடிப்பதை நிறுத்துவது, அசையாமல் துவண்டு கிடப்பது
– ஒரு முழு நிமிடம் எண்ணினால் மூச்சு 60-க்கு மேல் இருப்பது, நெஞ்சு உள்ளே குழிவது, முனகுவது
– வலிப்பு
– உடம்பு கொதிப்பது அல்லது சில்லிடுவது
– முதல் நாளே மஞ்சள், அல்லது உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சள்
– தொப்புளைச் சுற்றிச் சிவப்பு, சீழ்

இவற்றைத் தெரிந்துகொள்ள டாக்டராக வேண்டுமா? மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் இருவரும் 39 கிராமங்களில் ஓரளவு படித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாகப் பச்சிளங்குழந்தைகளைப் பார்க்க வைத்தார்கள். மூன்றாம் ஆண்டில் இறப்பு 62 விழுக்காடு குறைந்ததாக 1999-இல் வெளியிட்டார்கள். பிறகு 2011-இல் அதுவே நாடு முழுக்க வீட்டுவழிப் பராமரிப்புத் திட்டமானது. 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் ஒரு சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்க்க வேண்டும் என்பது அதன் கணக்கு. எங்கள் பகுதியில் அது கிராம சுகாதாரச் செவிலியர். ஒரே நர்சம்மாவுக்குப் பல ஊர், அவரும் பாவம்தான். ஆனால் ஊர்த் தெருவரைக்கும் வந்தவர் நம் தெருவுக்கும் வந்தாரா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

உரிமைகள் இன்னும் இருக்கின்றன. 2011-இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு மருத்துவமனையில் பிரசவமும், நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயது வரை மருந்து, பரிசோதனை, இரத்தம், போக்குவரத்தும் இலவசம். தள்ளுவண்டிக்கும் ஆண் குழந்தை என்ற நல்ல சேதிக்கும் கேட்கும் காசு லஞ்சம். 1987-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி இப்போது ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய். குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 1955-இன் ஐந்தாம் பிரிவு, தீண்டாமையின் பேரில் மருத்துவமனையில் சேர்க்க மறுப்பதை மட்டுமல்ல, சேர்த்த பிறகு பாகுபாடு காட்டுவதையும் குற்றம் என்கிறது. சட்டம் படிக்கும் தோழர்கள் இந்த ஒரு பிரிவையாவது மனப்பாடமாக வைத்திருங்கள்.

அம்பேத்கர்–ரமாபாய் தம்பதிக்குப் பிறந்த ஐந்து பிள்ளைகளில் யஷ்வந்த் ஒருவர்தான் மிஞ்சினார். கடைசி மகன் ராஜரத்னா இறந்தது 1926-இல். 1928 ஜூலையில் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்து அவர் பேசினார். பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நன்மை, அந்தச் செலவில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டு அது சட்டமானது. ஆலைப் பெண்ணுக்குக் கிடைத்த அந்தச் சம்பளத்தோடு கூடிய ஓய்வு, மக்காச்சோளம் ஒடிக்கிற பெண்ணுக்கு இன்னும் வரவில்லை. நம் அரசியல் கோரிக்கை அதுதான்.

அதுவரை செய்ய முடிந்ததைச் செய்வோம். உங்கள் தெருவில் யாருக்கு எந்த மாதம் பிரசவம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். 108, 102 எண்களோடு வண்டி வைத்திருக்கும் தோழரின் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். பிறந்த ஒரு வாரம் வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து பாதம் தொடவும், மூச்சு எண்ணவும், தோலை அழுத்தி மஞ்சள் பார்க்கவும் பழகுங்கள், பையன்களும்தான். மருத்துவமனைக்குத் தாயைத் தனியே அனுப்பாமல் ஒருவர் கூடப் போங்கள். யார் பார்த்தார்கள், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். எட்ட நின்று "ஒண்ணுமில்ல" என்று சொன்னால், மரியாதையாக, ஆனால் நகராமல் நின்று சொல்லுங்கள்: "டாக்டர், துணியை விலக்கிப் புள்ளையத் தொட்டுப் பார்த்துச் சொல்லுங்க."

ஜெய் பீம்.